பழைய வொக்ஸ்வாகன் பீட்டில் காரைப் பனிக்காலத்துக்காக உயர்த்தலாமா?

2022 ஒக்டோபர் 8, காலை

நோர்வேயில், ஒஸ்லோவில் இருந்து ஒரு தம்பி கேட்டது, அப்படியே இங்கே: “என்னிடம் 1969 பீட்டில் ஒன்று இருக்கிறது. இந்தக் குளிர்காலம் பெய்தொஸ்தோலனில் உள்ள மலைக்குடிலுக்கு அதிலேயே போக யோசிக்கிறேன். கார் தாழ்வாக நிற்கிறது, அடி தட்டுகிறது. பின்பக்க ரோர்ஷன் பாரில் ஒரு பல் திருப்பினால் 5 செ.மீ. உயரும், பனிக்கு அது போதும் என்கிறார்கள். செய்தவர்கள் யாராவது உண்டா?”

ரோர்ஷன் பார் என்றால் காரைத் தாங்கும் முறுக்குக் கம்பி. அதன் முனையில் உள்ள பல்லை மாற்றிப் பூட்டினால் காரின் உயரம் மாறும். நான் உயர்த்தியும் ஓட்டியிருக்கிறேன், இறக்கியும் ஓட்டியிருக்கிறேன். என்னுடையது 1964 மாடல், 1200 சிசி, 6 வோல்ற் கார். ட்ராம்மனில் வருடம் முழுக்க வெளியில்தான் நிற்கிறது.

முதலில் காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள். கியர்பொக்ஸில் இருந்து சில்லு வரை ஒரு தடித்த குழாய் போய், கியர்பொக்ஸ் பக்கம் மட்டும் றப்பர் உறை இருந்தால் அது ஸ்விங் அக்சில். மெல்லிய தண்டு வெளியே தெரிந்து, அதன் இரண்டு முனையிலும் றப்பர் உறை இருந்தால் இரட்டை மூட்டு அச்சு. இரண்டுக்கும் பதில் வேறு. 1969 இல் ஐரோப்பாவில் விற்ற கார் என்றால் பெரும்பாலும் ஸ்விங் அக்சில்தான்.

இன்னொன்று. பின்பக்கத்தை மட்டும் தூக்கினால் முன்பக்கம் அப்படியேதானே இருக்கும்? பனியை முதலில் இடிப்பது முன்பக்கம்.

2022 ஒக்டோபர் 8, இரவு

ஸ்விங் அக்சிலை ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். சொல்கிறேன்.

அந்தக் குழாய் கியர்பொக்ஸ் பக்கம் மட்டும்தான் மடியும். சில்லுப் பக்கம் மூட்டே இல்லை, சில்லு குழாயோடு விறைப்பாக நிற்கும். காரின் உடம்பை உயர்த்தினால் சில்லுகளின் அடி உள்ளே ஒதுங்கும், தலை வெளியே சாயும். ரயர் முழு அகலமும் நிலத்தில் படாது, வெளி விளிம்பில் நிற்கும்.

அது பாதிச் சிக்கல். வளைவில் வேகமாகத் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லை நிலம் உள்நோக்கித் தள்ளும். அச்சு ஏற்கெனவே கீழ்நோக்கிச் சரிந்து நின்றால் அந்தத் தள்ளலே காரின் பின்புறத்தை மேலே நெம்பிவிடும். நெம்ப நெம்பச் சில்லு இன்னும் உள்ளே மடியும். மொத்த எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் பின்னால் இருக்கிற கார் இது. வளைவின் நடுவில் பயந்துபோய் அக்சிலரேற்றரில் இருந்து காலைச் சட்டென்று எடுத்தால் போதும், பின்புறம் முன்னுக்கு வரப் பார்க்கும்.

இது என் கற்பனை அல்ல. அமெரிக்காவில் ஷெவர்லே கோர்வேர் என்ற கார் 1960 இல் இதே வகை அச்சோடு வந்து, வழக்கு வம்பு என்று பெயர் கெட்டது. 1964 மாடலில் குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங் சேர்த்தார்கள், 1965 இல் பின்பக்க அமைப்பையே மாற்றிவிட்டார்கள். பீட்டிலிலும் 1966 ஓகஸ்டில் வந்த 1500 மாடலுக்குப் பின் சில்லுகளின் இடைவெளியைக் கூட்டி, குறுக்கே ஒரு துணைக் கம்பியும் வைத்தார்கள். தொழிற்சாலைக்காரனே இந்தக் குணத்தைக் குறைக்கப் பாடுபட்டிருக்கிறான். நாம் கராஜில் படுத்துக்கொண்டு அதைக் கூட்டுவானேன்?

2022 ஒக்டோபர் 9

‘ஒரு பல்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள், எந்தப் பல் என்று யாரும் சொல்வதில்லை.

பின்பக்கத்து முறுக்குக் கம்பிக்கு இரண்டு முனையிலும் பல் உண்டு. உள் முனையில் 40, வெளி முனையில் 44. உள்ளே ஒரு பல் நகர்த்தினால் 9 பாகை. வெளியே ஒரு பல் என்றால் 8 பாகை 10 கலை. வெளிப் பல்லில் மாட்டியிருக்கும் ஸ்பிரிங் பிளேட் என்ற தகடு அச்சு வரைக்கும் ஏறக்குறைய 40 செ.மீ. நீளம். ஆகவே வெளிப் பல் ஒன்றுக்கு 5.7 செ.மீ. அளவும், உள் பல் ஒன்றுக்கு 6 செ.மீ. க்குச் சற்று மேலேயும் வரும்.

இதில் அழகான விஷயம் இரண்டு எண்ணும் ஒத்துப்போகாமல் இருப்பதுதான். உள்ளே ஒரு பல் ஒரு பக்கமும், வெளியே ஒரு பல் எதிர்ப்பக்கமும் திருப்பினால் மிச்சம் 50 கலை மட்டும். 60 கலை ஒரு பாகை என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. உயரத்தில் அது 6 மி.மீ. கூட இல்லை. அதாவது இந்தக் காரை 6 மி.மீ., 12 மி.மீ. என்று நுணுக்கமாக ஏற்றி இறக்கலாம். அதற்காகவே 40 உம் 44 உம் வைத்திருக்கிறார்கள். ஒரே அடியில் ஒரு முழுப் பல் திருப்புவது சோம்பேறி வேலை. வெளிப் பல் மட்டும் என்றால் கம்பியை உருவவே தேவையில்லை, அதனால்தான் எல்லோரும் அதைச் செய்கிறார்கள்.

ஸ்பிரிங் பிளேட்டின் சாய்வை அளக்க, காரைத் தூக்கி, அச்சில் இருந்து பிளேட்டை விடுவித்து, முறுக்கு இல்லாமல் தொங்கவிட வேண்டும். காரின் அடித்தளம் சமமட்டத்தில் இல்லையென்றால் அந்த வித்தியாசத்தையும் கழிக்க வேண்டும். இப்போதெல்லாம் கைத்தொலைபேசியிலேயே சாய்வுமானி இருக்கிறது.

2022 ஒக்டோபர் 11

வடக்கே ட்ரொம்சோவில் இருந்து ஒருவர் நல்ல இடத்தில் பிடித்தார். “பனிக்கட்டியில் பிடிப்பே இல்லையே அண்ணை, பிறகு எப்படிச் சில்லு மடிந்து பின்புறம் எழும்பும்? கார் வழுக்கத்தானே செய்யும்?”

உண்மை. நெம்புவதற்குப் பக்கவாட்டில் ஒரு பிடிப்பு வேண்டும், பனிக்கட்டி அதைக் கொடுக்காது. ட்ரொம்சோவிலேயே குளிர்காலம் முழுக்க வெள்ளை வீதியில் ஓடுகிறவருக்கு என் பயம் பாதிதான் பொருந்தும்.

ஆனால் தம்பி போகிற வழியை யோசித்தேன். ஒஸ்லோ, சன்ட்விக்கா, ஹோனெஃபொஸ், பிறகு ஃபாகர்நெஸ் என்று E16 நெடுஞ்சாலையில் நெடுகப் போக வேண்டும். தெற்கில் உப்புப் போட்டு, ஜனவரியிலும் கறுப்புத் தார் தெரிகிற வீதி. வல்ட்ரெஸ் பக்கம் ஏற ஏறத்தான் வெள்ளை. நடுவில் நிழலில் பனிக்கட்டி, வெயிலில் காய்ந்த தார் என்று மாறி மாறி வரும். வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் போகும் சில்லு திடீரென்று காய்ந்த தாரைத் தொட்டால், அங்கே பிடிப்பு முழுசாகக் கிடைக்கும். சில்லு மடிய அந்த ஒரு கணம் போதும். அந்த வழியில் எனக்கு அதுதான் பயம்.

அப்புறம், ஸ்விங் அக்சிலுக்கு அடியில் குறுக்கே பூட்டுகிற பட்டை ஸ்பிரிங் தனியாகவும் விற்பனைக்கு இருக்கிறது. சில்லு கீழே மடிவதை அது தடுக்கும். தூக்கியே தீருவேன் என்கிறவர்கள் முதலில் அதைப் பூட்டட்டும்.

2022 ஒக்டோபர் 15

தம்பியைக் காணோம். காருக்கு அடியில் படுத்தவர் இன்னும் எழும்பவில்லை போல.

2022 ஒக்டோபர் 16

எழும்பிவிட்டார். படங்கள் அனுப்பியிருக்கிறார், கதையே மாறிவிட்டது.

ஒவ்வொரு பக்கமும் இரண்டு றப்பர் உறை. இரட்டை மூட்டு அச்சு! விசாரித்தால் கார் கலிபோர்னியாவில் இருந்து வந்ததாம். 1969 மாடலில் இருந்து அமெரிக்காவில் விற்ற பீட்டில்களுக்கு இந்த அச்சுத்தான். அதே காலத்தில் ஜேர்மனியில் 1200, 1300 வாங்கினவனுக்குப் பழைய ஸ்விங் அக்சில். இங்கே 1302 ஐயும் 1303 ஐயும் வாங்கினவர்களுக்குப் பின்னாளில் இது கிடைத்தது.

ஆகவே நான் மேலே எழுதினதில் பாதி இந்தக் காருக்குப் பொருந்தாது. அழிக்க மாட்டேன், ஸ்விங் அக்சில் வைத்திருப்பவர்கள் இங்கே வேறு பலர் இருக்கிறார்கள். தம்பியின் காரில் உயரம் கூடினால் சில்லின் சாய்வு மாறும், ஆனால் அந்த அளவுக்கு மாறாது. சில்லு உள்ளே மடிந்து காரை நெம்புகிற கதையும் இல்லை.

படத்தில் என் கண்ணில் முதலில் பட்டது வேறு. முன்பக்கம் 145/65R15 ரயர். பின்பக்கம் 165/80R15. கலிபோர்னியாவில் முன்பக்கத்தைத் தாழ்வாகக் காட்டுவதற்காகச் சின்ன ரயர் போடுவது ஒரு மோஸ்தர். கார் தாழ்வாக நிற்கிறது என்று தம்பி சொன்னது இதைத்தான்.

2022 ஒக்டோபர் 17

கணக்குப் போட்டேன், யாரும் சரிபார்க்கலாம். ரயரில் 145/65 என்றால் அகலம் 145 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 65 சதவீதம். 15 அங்குல றிம் 381 மி.மீ. 145/65 ரயரின் பக்கச் சுவர் 94 மி.மீ., இரண்டு பக்கமும் சேர்த்து மொத்த விட்டம் 570 மி.மீ. அளவு. 165/80 ரயரின் பக்கச் சுவர் 132 மி.மீ., விட்டம் 645 மி.மீ. வித்தியாசம் 75 மி.மீ. நிலத்தில் இருந்து உயர்வது அதில் பாதி, ஏறக்குறைய 38 மி.மீ.

தம்பி கேட்டது 5 செ.மீ. ஒரு ஸ்பானரும் எடுக்காமல், ஒரு பல்லும் திருப்பாமல், முன்பக்கத்துக்கு அவருடைய காரின் சொந்த அளவு ரயரைப் போட்டாலே 3.8 செ.மீ. வந்துவிடுகிறது. அதுவும் எங்கே வேண்டுமோ அங்கே.

இப்போது அவர் நினைத்தபடி ஒரு பல் திருப்பி, பின்பக்கத்தை மட்டும் 6 செ.மீ. அளவு தூக்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்? முன்பக்கம் 38 மி.மீ. தாழ்வு, பின்பக்கம் 60 மி.மீ. உயர்வு, முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் 2400 மி.மீ. கார் மூக்குக் குத்தி 2 பாகைக்கு மேல் சரிந்திருக்கும். ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்புவதற்கு முன்பக்கத்தில் காஸ்டர் என்று ஒரு சாய்வு வைத்திருக்கிறார்கள். இந்தக் காரில் அது மொத்தமே சில பாகைதான். அதில் 2 பாகையைத் தின்றுவிட்டால் நேர் வீதியிலேயே கார் அலையும். பனியில் அலைகிற ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஃபாகர்நெஸ் வரைக்கும் போவதை நினைத்துப் பாருங்கள்.

2022 ஒக்டோபர் 17, சற்றுப் பிறகு

“அகலமான ரயர் போட்டால் பிடிப்புக் கூடாதா?” கோடையில் கூடும். புதுப் பனியிலும் கூழ்ப்பனியிலும் ஒடுங்கின ரயர் வெட்டிக்கொண்டு கீழே இறங்கும், அகலமானது மேலே மிதக்கும். பீட்டிலின் பழைய றிம் 4 அங்குலம், பிறகு வந்தது 4.5. அதற்கு 165 தான் அளவு. இந்த அளவில் குளிர்கால ரயர் எல்லாக் கடையிலும் அடுக்கியிருக்காது, சொல்லி எடுப்பிக்க வேண்டும். நவம்பரில் போய் நின்றால் கடைக்காரன் சிரிப்பான், இப்போதே சொல்லி வையுங்கள்.

2022 ஒக்டோபர் 22

வயதான ஒரு ஐயா எழுதுகிறார்: ஊரில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் காருக்கும் மொறிஸ் மைனர் காருக்கும் பின்னால் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டால் விஷயம் முடிந்தது, நீங்கள் ஏன் பாகை, கலை என்று குழம்புகிறீர்கள்?

ஐயா, அவற்றின் பின்பக்கம் விறைத்த ஒரே அச்சு, அடியில் பட்டை ஸ்பிரிங். உயர்த்தினாலும் இரண்டு பின் சில்லும் நிமிர்ந்தே நிற்கும். அதனால்தான் அந்தக் கார்களை மூட்டை முடிச்சோடு எவ்வளவு வதைத்தாலும் தாங்கின. மொறிஸ் மைனரின் முன்பக்கத்திலும் முறுக்குக் கம்பிதான் என்பது பலருக்குத் தெரியாது. அங்கேயும் பல் மாற்றி உயர்த்தலாம்.

தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்தபோது அதே கார்கள் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பின்னால் வருகிறவனுக்குக் கண் எரியும். மைனஸ் 20 இல் நான் அதைச் செய்து பார்க்க மாட்டேன். விட்டால் இந்தக் கேள்வி பதில் இழை அந்தப் பக்கம் போய்விடும், திரும்பி வருவோம்.

வேறொருவர், உயரம் கூட்டிக் குறைக்க ஆசையென்றால் சித்ரோன் டிஎஸ் வாங்கச் சொல்கிறார். 1955 இல் வந்த கார், உள்ளே ஒரு பிடியை நகர்த்தினால் உடம்பே எழும்பும். சரிதான், அதன் குழாய்களைத் திருத்த அவரே வருவார் என்றால் வாங்கலாம்.

2022 நவம்பர் 2

ஆணி ரயர், அதாவது பனிக்கட்டியில் பிடிப்பதற்கு ஆணி பதித்த ரயர் பற்றிப் பலர் கேட்டார்கள். நேற்றில் இருந்து நாட்டின் தெற்கில் ஆணி ரயர் போடலாம். ஈஸ்டர் திங்களுக்குப் பிறகு வருகிற முதல் ஞாயிறு வரை அனுமதி. வடக்கில் நூர்லன்ட், துரொம்ஸ், ஃபின்மார்க் பக்கம் ஒக்டோபர் 16 இலேயே தொடங்கிவிடும், ஏப்ரல் 30 வரை ஓடலாம். ஒஸ்லோவுக்குள் ஆணியோடு ஓடக் கட்டணம் உண்டு.

“எஞ்சினும் இழுவையும் பின்னால்தானே, பின் சில்லுக்கு மட்டும் ஆணி போதாதா?” கூடாது. இப்படியான சிறிய கார்களுக்கு ஆணி என்றால் நாலு சில்லுக்கும் போட வேண்டும் என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் யோசியுங்கள். இந்தக் காரில் ஏற்றத்தில் ஏறுவது எப்போதும் பிரச்சினை இல்லை, பின்னால் இருக்கும் எடை சில்லை அழுத்திக்கொண்டு ஏற்றிவிடும். பாரமில்லாத முன் சில்லு திரும்ப மறுப்பதும் பிரேக் போட்டால் நிற்க மறுப்பதும்தான் தொல்லை. முன்பக்கத்துப் பெட்டிக்குள் ஒரு மூட்டை மணல் வையுங்கள், வழியில் சிக்கினால் சில்லுக்கு அடியில் தூவவும் ஆகும்.

குளிர்காலத்தில் ரயர்ப் பள்ளங்களின் ஆழம் குறைந்தது 3 மி.மீ. இருக்க வேண்டும். பழைய கார் என்று பார்த்து யாரும் விடமாட்டார்கள். ரயர் ஆழமாக இருந்தாலும் வயதையும் பாருங்கள். எப்போதாவது ஓடுகிற கார்களில் ரயர் தேயாது, கல்லாகிவிடும்.

காற்று: முன்னால் குறைவு, பின்னால் கூட. பழைய கையேட்டில் முன் 16, பின் 24 பிஎஸ்ஐ அளவில் இருக்கும், இன்றைய ரேடியல் ரயருக்குச் சற்றுக் கூட்டலாம். நாலுக்கும் ஒரே அளவு 32 அடித்துவிட்டு “இந்தக் கார் பனியில் மோசம்” என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2022 நவம்பர் 13

தம்பி எஞ்சின் பக்கத்துப் படமும் போட்டிருக்கிறார். பார்த்ததும் உயரத்தை மறந்துவிட்டேன்.

ஹீற்றர் பெட்டிகளே இல்லை. பீட்டிலில் காருக்குள் வருகிற சூடு புகைக்குழாயைச் சுற்றியுள்ள அந்த இரண்டு பெட்டிகளில் இருந்துதான் வருகிறது. கலிபோர்னியாக்காரன் அவற்றைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை வளைத்துப் பூட்டியிருக்கிறான். அங்கே அது போதும். இங்கே முன் கண்ணாடியின் உள்பக்கம் மூச்சுக் காற்று உறைந்து, சுரண்டிக்கொண்டே ஓட்ட வேண்டி வரும். 5 செ.மீ. உயர்ந்த காரில் கண்ணை மூடிக்கொண்டு போவதா?

காற்றால் குளிர்கிற எஞ்சின் இது. விசிறிப் பெட்டிக்குள் அந்தக் காற்றை மறிக்கும் மடல்களையும் காணோம், அவற்றை இயக்கும் தெர்மோஸ்டாற்றும் இல்லை. வலப்பக்கச் சிலிண்டர்களுக்கு அடியில் ஒரு சின்னப் பித்தளைத் துருத்தி இருக்க வேண்டும், அதுதான் தெர்மோஸ்டாற். அது இல்லையென்றால் எஞ்சின் மைனஸ் 15 இல் சூடாகவே மாட்டாது. ஒயிலும் சூடாகாது, ஹீற்றர் பெட்டி இருந்தாலும் ஒழுங்காகச் சூடு வராது. காபரேற்றருக்குக் கீழே உள்ள குழாயைச் சூடாக்கப் புகையில் ஒரு பங்கு மெல்லிய குழாயால் போகிறது. அது கரியால் அடைபட்டிருந்தால் அங்கே வெண்பனி பிடிக்கும், கார் விக்கி விக்கி ஓடும்.

ஆகவே, தம்பி, உயர்த்துவதற்கு ஒதுக்கின காசை இங்கே போடுங்கள். ஹீற்றர் பெட்டி வாங்கும்போது உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். மலிவாகச் செய்தவற்றில் உள் தகடு இருக்காது, சூடும் வராது. பெட்டி ஓட்டையென்றால் காருக்குள் வருவது புகை, அது உயிருக்கே உலை. அந்தக் காலத்தில் முன்பக்கத்தில் பொருத்தும் எபர்ஸ்பெக்கர் பெற்றோல் ஹீற்றரும் விற்றார்கள். பழையது வேலை செய்கிறதென்றால் அருமை, ஆனால் தெரிந்த ஒருவர் பிரித்துப் பார்த்த பிறகு கொளுத்துங்கள்.

2022 டிசம்பர் 27

வீதியைப் பற்றி எழுதியாயிற்று, குடிலுக்குத் திரும்பும் அந்தக் கடைசி 200 மீற்றர் பற்றி யாரும் எழுதவில்லை. இந்த விடுமுறையில் மறுபடி பார்த்தேன்.

பனி அகற்றும் வண்டி பெரிய வீதியால் போகும்போது ஓரத்தில் ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போகும். இரவில் அது இறுகிவிடும். காலையில் முழங்கால் உயரம். பீட்டிலின் அடி நிலத்தில் இருந்து 15 செ.மீ. அளவு. அடித்தளம் தட்டையான இரும்புத் தகடு. அதுதான் அதன் பலமும் பலவீனமும். மெல்லிய பனியில் படகு மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். வரம்பில் ஏறினால் அடி உட்கார்ந்து, நாலு சில்லும் பாரமிழக்கும், பின் சில்லுகள் சும்மா சுழலும். நான் அப்படி நின்றபோது கார் அப்போது உயர்த்தின கார், 15 க்குப் பதிலாக 20 செ.மீ. இருந்தது. வரம்பு 40 செ.மீ. இருந்தால் 20 என்ன, 15 என்ன?

பனி அள்ள ஒரு சவள் வாங்குங்கள், இரும்பு விளிம்பு வைத்தது. இந்த இழையில் பேசின எல்லாவற்றிலும் மலிவான சாமான் அதுதான்.

பனிச் சங்கிலி பின் சில்லுக்கு. முதல்முறை வீட்டு வாசலில் போட்டுப் பழகுங்கள். உள்பக்கத்தில் ஸ்பிரிங் பிளேட்டிலோ, வெளியில் மட்காட்டிலோ உரசுகிறதா என்று சில்லைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். மட்காட்டுக்குள் ஒட்டி உறையும் கூழ்ப்பனியையும் நிற்கும்போதெல்லாம் காலால் தட்டி விழுத்துங்கள். முன்பக்கத்தில் அது கல்லானால் ஸ்டியரிங் முழுக்கத் திரும்பாது. இரவில் கைப்பிரேக் போட்டு விடாதீர்கள், நனைந்த பிரேக் உறைந்து பிடித்துக்கொள்ளும். கியரில் விட்டுக் கல் வையுங்கள்.

2023 ஜனவரி 14

பேர்கனில் இருந்து ஒருவர், 1962 மாடல், ஸ்விங் அக்சில், தானே ஒரு வெளிப் பல் திருப்பி உயர்த்திவிட்டாராம். “நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கியர்பொக்ஸ் பக்கம் ஒயில் ஒழுகுகிறது.”

அச்சு சரிந்ததும் அந்த றப்பர் உறை ஒரு பக்கம் இழுபட்டு, தையல் வாய் பிரிந்திருக்கும். புதுசு போட்டாலும் அதே சரிவில் அதே இடத்தில் பிரியும். ஷொக் அப்சோபரையும் பாருங்கள். பழைய நீளத்தையே விட்டிருந்தால், சில்லு பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அது முழு நீளத்துக்கு இழுபட்டு அடிக்கும்.

இறக்கப் போகிறார் என்றால் ஒரு எச்சரிக்கை. அச்சு கழன்ற பிறகும் ஸ்பிரிங் பிளேட் ஓய்வில் இல்லை, வார்ப்பிரும்பு முனையில் உட்கார்ந்துகொண்டு பெரிய முறுக்கோடு காத்திருக்கும். நெம்பி எடுக்கும்போது நேர் முன்னால் முகத்தை வைக்க வேண்டாம். பிளேட்டுக்கு அடியில் கார் தூக்குகிற ஜக்கை வைத்து, சங்கிலியால் உடம்போடு கட்டி, ஜக்கை மெல்ல மெல்ல இறக்கி முறுக்கை விடுவியுங்கள். திருப்பிப் பூட்டும்போது பிளேட்டின் வெளி மூடியில் உள்ள நாலு போல்டில் இரண்டுக்கு நீளமான போல்ட் போட்டு இழுத்தால் மூடி தானாக உட்காரும், பிறகு பழைய போல்டை மாற்றலாம். றப்பர் வளையங்களுக்குக் கிறீஸ் வேண்டாம், முகத்துக்குப் போடுகிற டல்க் பவுடரே போதும்.

2023 பெப்ரவரி 5

உயரத்தால் ஒரு நன்மை உண்டா என்று நேராகக் கேட்டால்: உண்டு. மலைப் பக்கத்து மண் வீதியில், வசந்தத்தில் பனி உருகிச் சக்கரத் தடம் ஆழமாகும்போது இரட்டை மூட்டு அச்சுள்ள காரை நாலு பக்கமும் ஒரே அளவில் 2, 3 செ.மீ. உயர்த்தினால் வசதியாக இருக்கும். முன்பக்கத்தை உயர்த்த, குறுக்குக் குழாய்களின் நடுவில் வெட்டி ஒரு சரிசெய்யும் துண்டை ஒட்ட வேண்டும். தாங்கும் உறுப்பில் வெல்டிங், ஆகவே தெரிந்த கை வேண்டும், வாகன விதிகளையும் முதலில் பார்க்க வேண்டும். 1966 மாடலில் இருந்து முன்பக்கத்தில் பந்து மூட்டு வந்துவிட்டது, அதற்கு மடிய ஒரு எல்லை உண்டு. அதிகம் உயர்த்தினால் மூட்டு இறுகும்.

உப்பைப் பற்றி எழுத வேண்டும் என்று மூன்று பேர் கேட்டார்கள். பீட்டிலில் கறள் முதலில் தின்பது வாசலுக்கு அடியில் ஓடும் சூட்டுக் குழாய்ப் பெட்டியை. அது காருக்குச் சூடு கொண்டுவரும் குழாய் மட்டும் அல்ல, உடம்பைத் தாங்குகிற எலும்பும் அதுதான். கலிபோர்னியாவில் இருந்து கறள் இல்லாமல் வந்த காரை E16 உப்பில் ஓட்டுகிறவர் இலையுதிர் காலத்திலேயே உள்ளே மெழுகு அடித்திருக்க வேண்டும். உயர்த்தின காரில் அடி கழுவுவது லேசு என்று ஒருவர் சொன்னார். அந்த ஒரு வாதத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

2023 மார்ச் 19

தம்பியின் செய்தி. நாலும் 165, ஆணியோடு. ஹீற்றர் பெட்டி, மடல்கள், தெர்மோஸ்டாற் எல்லாம் போட்டாயிற்று. முறுக்குக் கம்பியைத் தொடவில்லை. ஃபாகர்நெஸ் தாண்டி ஏற்றத்தில் புது ஓடி (Audi) கார் ஒன்று சறுக்கி நின்றபோது பக்கத்தால் ஏறிப் போனாராம். போட்ட படத்தில் தோள் அகலத்துக்குச் சிரிப்பு.

2023 ஏப்ரல் 11

ஈஸ்டர் முடிந்தது. தெற்கில் 16 ஆம் திகதி ஞாயிறோடு ஆணி ரயருக்கு முடிவு, மறந்துவிடாதீர்கள்.

பேர்கன்காரர் இறக்கும் வேலையில் இருக்கிறார். கேள்வி: இரண்டு முறுக்குக் கம்பியையும் வெளியே எடுத்துக் கழுவி வைத்தாராம், இப்போது எது இடது எது வலது?

முனையின் முகத்தில் L, R என்று அடித்திருக்கும், கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். இடம் மாற்றிப் போடக்கூடாது, தொழிற்சாலையிலேயே ஒவ்வொன்றையும் ஒரு பக்கத்துக்கு முறுக்கிப் பழக்கியிருக்கிறார்கள். தேய்ப்பது முனையை மட்டும். நடுவில் உள்ள பெயின்ற் உரிந்தால் அங்கே கறள் பிடித்து, அந்தக் கீறலில்தான் கம்பி ஒரு நாள் முறியும். உரிந்த இடம் இருந்தால் பெயின்ற் பூசிக் காயவிட்டு, பல்லுக்கு மட்டும் கிறீஸ் தடவிப் பூட்டுங்கள்.